சட்டம் வரையறுக்காத சித்திரவதை: 1855 சென்னை ஆணையம் முதல் நெடுங்கண்டம் வரை

இடுக்கி மாவட்டத்து ஏலமலையில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் சக்குபள்ளத்துக்கு வடக்கே நெடுங்கண்டம் இருக்கிறது. 2019 ஜூன் 12 அன்று, நிதி மோசடிப் புகார் ஒன்றின் தொடர்பில் ஒருவரை நெடுங்கண்டம் காவல் நிலையத்தார் பிடித்துச் சென்றனர். கைது பதிவானதோ ஜூன் 15 அன்று. பின்னர் பீர்மேடு கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட அவர் ஜூன் 21 அன்று இறந்துபோனார். முதல் உடற்கூறாய்வு நிமோனியாவைக் காரணமாகக் காட்டியது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. நாராயண குரூப் தலைமையிலான விசாரணை ஆணையத்தின் முயற்சியால் ஜூலை இறுதியில் உடல் தோண்டி எடுக்கப்பட்டு மறுபடியும் ஆராயப்பட்டது. முதல் ஆய்வு பதியாத காயங்கள் அப்போது தெரியவந்தன. காவலில் நடந்த சித்திரவதையே மரணத்துக்குக் காரணம் என்று ஆணையம் முடிவு கண்டது.

ஒரே உடல், இரண்டு ஆய்வுகள், இரண்டு முடிவுகள். இதை ஒரு மருத்துவக் குறிப்பின் குறைபாடு என்று மட்டும் பார்த்தால் உள்ளே இருக்கும் கேள்வி மறைந்துவிடும். 12ஆம் தேதிக்கும் 15ஆம் தேதிக்கும் இடையே எந்தத் தாளிலும் இல்லாத ஒரு மனிதராக அவர் வைக்கப்பட்டிருந்தார். உடலில் ஒரு காயமும் இல்லாமல் அவர் உயிரோடு வீடு திரும்பியிருந்தால், அந்த நாள்களுக்குச் சட்டத்தில் என்ன பெயர்? முறையற்ற அடைப்பு என்று சொல்லலாம். சித்திரவதை என்று சொல்ல முடியுமா? இந்தியச் சட்டத்தில் இதற்கு விடை இல்லை, ஏனெனில் அந்தச் சொல்லுக்கு அங்கே வரையறையே இல்லை. இந்த வெற்றிடம் தற்செயலாக உண்டானதன்று. அதன் வரலாற்றில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தில் தொடங்குகிறது.

1854 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையில், சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்கச் சித்திரவதை பயன்படுகிறது என்ற குற்றச்சாட்டை டான்பி சீமோர் முதலிய உறுப்பினர்கள் எழுப்பினர். சீமோர் அதற்கு முந்தைய ஆண்டு சென்னைக்கு வந்து சென்றவர். கஜுலு லட்சுமிநரசு செட்டியார் 1852இல் தோற்றுவித்த சென்னை சுதேசிச் சங்கம் இக்கொடுமைகளைக் குறித்து நாடாளுமன்றத்துக்கு ஏற்கெனவே முறையிட்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி முதலில் மறுத்தது. பிறகு விசாரணைக்கு இணங்கியது. ஈ. எஃப். எலியட், எச். ஸ்டோக்ஸ், ஜே. பி. நார்ட்டன் ஆகிய மூவர் ஆணையர்களாயினர். 1,959 முறையீடுகள் அவர்கள் முன் வந்தன. 519 பேர் நேரில் வந்தனர், 1,440 பேர் எழுத்து மூலம் முறையிட்டனர். இரயில் பாதை இல்லாத காலம் அது. உள்மாவட்டக் குடியானவர்கள் சென்னை வரை நடந்து வந்திருக்கிறார்கள் என்பதே அவர்கள் பட்ட பாட்டின் கனத்தைச் சொல்லும். பாலக்காடு அன்று மலபார் மாவட்டத்தின் பகுதியாக மாகாணத்துக்குள் இருந்தது. ஏலமலையோ திருவிதாங்கூருக்கு உரியது. ஆணையத்தின் அதிகாரம் மலையடிவாரத்தோடு நின்றது.

1855 ஏப்ரலில் அளிக்கப்பட்ட அறிக்கையில் சித்திரவதை முறைகளின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. ‘கிட்டி’ அதில் முதன்மையானது: ஒருபுறம் கட்டிய இரண்டு கட்டைகளுக்கு இடையே விரல்களை வைத்து நெருக்குதல். ‘அண்ணாந்தாள்’ என்பது ஆளை வளைத்து, அவன் துணியாலோ கயிற்றாலோ கட்டி, அந்நிலையிலேயே நிறுத்தி வைத்தல். இவற்றைச் சித்திரவதை என்று ஏற்பதில் எவருக்கும் தயக்கம் இராது. ஆனால் அதே பட்டியலில் வேறு சிலவும் இருக்கின்றன. வெயிலில் நிற்க வைத்தல். உண்ணவும் மலசலம் கழிக்கவும் விடாமல் தடுத்தல். மாட்டை மேய்ச்சலுக்கு விடாமல் வீட்டுக்குள் அடைத்தல். வரி செலுத்தாதவன் வீட்டில் சேவகனை நிறுத்தி, அந்தச் சேவகனுக்குரிய படியை அவனே கொடுக்கும்படி செய்தல். இருவர் தலைமயிரைச் சேர்த்துக் கட்டுதல். கழுத்தில் எலும்பு மாலை அணிவித்தல். காவல் வழக்குகளுக்கான தனிப் பட்டியலில் சூட்டுக்கோலுக்கும் மிளகாய்ப் பொடிக்கும் இணையாகத் ‘தூங்க விடாமல் தடுத்தல்’ இடம்பெற்றிருக்கிறது.

எலும்பு மாலையால் உடலில் தழும்பு விழாது. பசித்து அலறும் மாட்டின் குரலால் எலும்பு முறியாது. ஆயினும் முறையிட்டவர்கள் இவற்றையும் கிட்டியையும் தனித்தனி இனமாகப் பிரிக்கவில்லை. அவர்கள் சொன்னவை செயல்கள். ‘டார்ச்சர்’ என்னும் ஒற்றைக் குடைச்சொல் ஆங்கிலத்தில் எழுதியவர்களுடையது. குடியானவனின் கணக்கு எளியது: எதைச் செய்தால் அவன் இல்லாத பணத்தை இருப்பதாகச் சொல்வானோ, செய்யாத திருட்டைச் செய்ததாக ஒப்புக்கொள்வானோ, அதெல்லாம் ஒரே வகை. நோக்கமும் அதிகாரமுமே அங்கே அளவுகோல், வலியின் அளவு அன்று. பின்வந்த பல சட்ட வரைவுகளைவிட இந்த வரையறை அறிவார்ந்தது என்றே தோன்றுகிறது.

வரியும் காவலும் ஒரே அறிக்கையில் சேர்ந்து வந்ததற்கும் நிர்வாகக் காரணம் உண்டு. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைப்படி தாசில்தாரே வரி வசூலிப்பவர், அவரே காவல் தலைவர். காலையில் நிலுவைக்காக ஒருவனை வெயிலில் நிறுத்திய சேவகன் மாலையில் திருட்டு வழக்கில் இன்னொருவனை விசாரித்தான். கை ஒன்றுதான், பயிற்சியும் ஒன்றுதான்.

அறிக்கையின் பலவீனம் வேறோர் இடத்தில் இருக்கிறது. செயல்களின் பட்டியலில் கண்ட அகலம் செய்தவர்கள் பட்டியலில் காணப்படவில்லை. மக்களின் குறை தம் நாட்டவரான கீழ்நிலை ஊழியர்கள் மீதே தவிர ஐரோப்பிய அதிகாரிகள் மீது அன்று என்று ஆணையர்கள் எழுதினர். நிலவரி விகிதத்தை நிர்ணயித்தது யார், விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் வசூல் குறையக் கூடாது என்று அழுத்தியது யார் என்ற கேள்விகள் இதனால் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. 1857இல் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூனில் இவ்வறிக்கையைப் பற்றி எழுதிய கார்ல் மார்க்ஸ், குறையைச் சொல்லிப் பரிகாரம் பெறுவது அம்மக்களுக்கு எவ்வளவு அரிதாக இருந்தது என்பதை அதே அறிக்கையின் சான்றுகளைக் கொண்டே காட்டினார். சித்திரவதை ‘நாட்டு வழக்கம்’ ஆனது. அதைத் தேவையாக்கிய வசூல் முறை நிர்வாகமாகவே நீடித்தது.

1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல் சட்டம் வந்தது. 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தது. அதன் 330ஆம் பிரிவை ஆணையத்தின் நேரடி விளைவாகக் காட்டும் பழக்கம் ஆய்வுக் கட்டுரைகளில் உண்டு. சட்டத்தின் மூல வரைவு மெக்காலே குழுவினரால் 1837இலேயே முடிக்கப்பட்டது என்பதால் அந்தக் கோட்டை அவ்வளவு நேராக இழுக்க முடியாது. ஆனால் பிரிவின் அமைப்பு நுணுகிப் பார்க்கத்தக்கது. குற்றமாக வரையறுக்கப்படுவது, ஒப்புதல் வாக்குமூலத்தையோ தகவலையோ பொருளையோ பெறுவதற்காக வேண்டுமென்றே ‘காயம்’ விளைவித்தல். காயம் என்றால் உடல்வலி, நோய் அல்லது உடல் நலிவு. சித்திரவதை என்ற சொல் பிரிவில் இல்லை. பிரிவின் கீழுள்ள விளக்க உதாரணங்களில்தான் அது வருகிறது: காவல் அலுவலர் ஒருவர் ஒப்புதல் பெறச் சித்திரவதை செய்கிறார், வருவாய் அலுவலர் ஒருவர் நிலுவை வசூலிக்கச் சித்திரவதை செய்கிறார், ஜமீன்தார் ஒருவர் வாரம் பெறக் குடியானவனைச் சித்திரவதை செய்கிறார். சட்டத்துக்கு அந்தச் சொல் தெரியும். அதன் பொருள் படிப்பவருக்கும் தெரியும் என்று அது எடுத்துக்கொண்டது. தண்டிக்க வேண்டிய இடத்திலோ அதை உடலின் காயமாகச் சுருக்கிக்கொண்டது. எலும்பு மாலையும் பட்டினி மாடும் இந்தச் சுருக்கத்தில் விழுந்துபோயின.

1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் வேறு வழியில் சென்றது. காவல் அலுவலரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று 25ஆம் பிரிவு ஒரேயடியாகத் தடுத்தது. இங்கே சித்திரவதையை வரையறுக்கும் தேவையே இல்லை. நடந்ததா இல்லையா என்ற விசாரணையும் இல்லை. நிலையத்துக்குள் பிறந்த ஒப்புதல் எதுவானாலும் சந்தேகத்துக்குரியது என்ற அனுபவ அறிவே விதியானது. பிறகு 27ஆம் பிரிவு அதே சுவரில் ஒரு திட்டிவாசல் வைத்தது: வாக்குமூலத்தின் விளைவாகப் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு அவ்வாக்குமூலம் ஏற்கத்தக்கது. ‘பொருள் மீட்பு’ என்ற காவல் சடங்கு முழுவதும் இந்த வாசல் வழியாகவே நடக்கிறது.

குடியரசு அமைந்தபின், குற்றம் சாட்டப்பட்டவரைத் தமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்பின் 20(3) உறுதியளித்தது. ‘கட்டாயம்’ என்றால் என்ன என்ற விவாதம் அங்கே தொடங்கியது. 1961இல் கதி காலு ஓகத் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்ந்தனர். கட்டாயம் என்பது புறத்தே நிகழும், காணத்தக்க பௌதிகச் செயல். சொல்பவரின் மனநிலை அன்று. ஏதேனும் புறச்செயல் மனத்தை வசப்படுத்தி வாக்குமூலத்தைத் தன்விருப்பமற்றதாக்கினால் மட்டுமே விலக்கு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கொண்டது. காவலில் இருப்பது மட்டுமே கட்டாயம் ஆகாது. 1860இன் உடல் அளவுகோல்தான் இங்கே அரசமைப்பு மொழியில் மறுபடி பேசுகிறது.

பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில் 1915இல் பிறந்த வி. ஆர். கிருஷ்ணய்யர் இந்த அளவுகோலை அசைத்தார். வழக்கறிஞராக இருந்தபோது 1948இல் சிறை கண்டவர். 1957இல் அமைந்த முதல் கேரள அமைச்சரவையில் சட்டம், உள்துறை, சிறை ஆகியவற்றைக் கவனித்தவர். கதவின் இரு பக்கமும் நின்று பார்த்த நீதிபதிகள் அரியர். 1978 ஏப்ரலில் அவர் தீர்ப்பு எழுதிய நந்தினி சத்பதி வழக்கில் அடியும் இல்லை, உதையும் இல்லை. ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர் ஒருவரிடம் காவல்துறை எழுத்து வடிவில் கேள்விப் பட்டியலைத் தந்தது. அவர் விடையளிக்க மறுத்தார். இதில் சித்திரவதைக்கு என்ன இடம் என்று கேட்கலாம். கிருஷ்ணய்யர் அதே கேள்வியை எடுத்துக்கொண்டு, கட்டாயம் என்பது உடலை நோகச் செய்வது மட்டுமன்று. உளவியல் வதை, சூழலின் அழுத்தம், களைப்படையும்வரை நீளும் விசாரணை, மிரட்டும் தோரணை ஆகியவையும் அதனுள் அடங்கும் என்று விரித்தார். விசாரிக்கப்படுபவர் தம் வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ள இடமளிக்க வேண்டும் என்றும் சொன்னார். முறையிட்ட குடியானவனின் கணக்கு 123 ஆண்டுகளுக்குப் பின் உச்ச நீதிமன்றத்தின் மொழியில் திரும்பி வந்தது எனலாம்.

அதற்கு மூன்று மாதம் முன்பு, 1978 ஜனவரியில், ஸ்ட்ராஸ்பூரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் எதிர்த்திசையில் நடந்திருந்தது. வட அயர்லாந்தில் 1971இல் பிடிபட்டவர்கள் மீது பிரிட்டிஷ் படைகள் கையாண்ட ஐந்து முறைகள் அங்கே விசாரணைக்கு வந்தன: சுவரைப் பார்த்து மணிக்கணக்கில் நிற்க வைத்தல், தலையை மூடுதல், இடைவிடாத இரைச்சல், தூக்கத் தடை, உணவும் நீரும் குறைத்தல். ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 1976இல் இவற்றைச் சித்திரவதை என்றது. நீதிமன்றமோ இவை மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை மட்டுமே, சித்திரவதை என்னும் தனிக் களங்கத்துக்குரிய கடுமை இவற்றில் இல்லை என்றது. 2018இல் அந்தத் தீர்ப்பைத் திருத்தவும் மறுத்தது. 1855இல் பிரிட்டிஷ் ஆணையர்கள் தஞ்சாவூர் சேவகன் செய்தாலும் கடப்பைச் சேவகன் செய்தாலும் தூக்கத் தடையைத் தயங்காமல் சித்திரவதைப் பட்டியலில் சேர்த்தார்கள். பிரிட்டிஷ் படைவீரர் செய்தபோது அதற்கு நுண்ணிய தராசு ஒன்று தேவைப்பட்டது. 2002 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறையின் குறிப்பு இன்னும் ஒருபடி மேலே போய், உறுப்புச் செயலிழப்புக்கோ மரணத்துக்கோ இணையான வலி இருந்தால்தான் சித்திரவதை என்றது.

குறுகிய வரையறையை ஆதரிப்போரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சொல்லை விரித்துக்கொண்டே போனால் கடுமையான கேள்வி கேட்பதும் குற்றமாகிவிடும். தண்டனைச் சட்டத்தில் எல்லை தெளிவாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயரிட்டால் மிகக் கொடியதன் கனம் குறைந்துபோகும். இவற்றில் நியாயம் உண்டு. தமிழ்ச் சொல்லே இந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது: ‘வதை’ என்பது கொலையைக் குறிப்பது; இரவு முழுவதும் நிற்க வைக்கப்பட்டவர் ‘சித்திரவதை’ என்று சொன்னால் கேட்பவர் காதில் அது மிகையாக ஒலிக்கிறது. ஆனால் இந்த வாதம் ஒன்றைக் கணக்கில் எடுப்பதில்லை. எல்லை எங்கே வரையப்படுகிறதோ, தொழில் அதற்குச் சற்று இப்பால் வளர்கிறது. 1976இல் கக்கயம் முகாமில் பொறியியல் மாணவர் ராஜன் மீது கையாளப்பட்ட ‘உருட்டல்’ இதற்குச் சான்று. தொடைமீது கனத்த உலக்கையை அழுத்தி உருட்டுவது அது. தோலில் தெரியும் காயத்தைவிட உள்ளே தசை நொறுங்குவது அதிகம். நொறுங்கிய தசையின் கழிவு சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். மரணம் நேரும்போது ‘நோய்’ என்று எழுத இடம் இருக்கும். தழும்பைத் தேடும் சட்டம் தழும்பு விழாத முறைகளைக் கற்றுக்கொடுக்கிறது.

வரையறை இருந்துவிட்டால் போதுமா என்பதற்கு இலங்கையின் அனுபவம் விடையளிக்கிறது. 1984இன் ஐ.நா. உடன்படிக்கை, உடலுக்கோ மனத்துக்கோ கடும் ‘வலி அல்லது துன்பம்’ விளைவிப்பதைச் சித்திரவதை என்கிறது. இலங்கை 1994இல் 22ஆம் இலக்கச் சட்டத்தால் அதைத் தன் நாட்டுச் சட்டமாக்கியபோது ‘துன்பம்’ என்ற சொல் விடுபட்டு ‘வலி’ மட்டும் நின்றது. அதைவிட முக்கியம், 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படியே நீடித்தது. உதவிக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலரிடம் தந்த ஒப்புதலை அது சாட்சியமாக ஏற்கிறது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று மெய்ப்பிக்கும் சுமையை எதிரி மீதே ஏற்றுகிறது. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் பெருவிரல் பதித்த தமிழர், அறையில் நடந்ததைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும். இந்தச் சுமை நியாயமான விசாரணை உரிமைக்கு முரணானது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் கண்டது. இந்தியாவிலும் 1987இன் தடா சட்டம் காவல் கண்காணிப்பாளரிடம் தந்த ஒப்புதலை ஏற்றது. 1994இல் கர்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. 1872இல் போட்ட பூட்டுக்கு 1987இல் பதவியே சாவியானது.

இந்தியா ஐ.நா. உடன்படிக்கையில் 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. பின்னேற்பு இன்றுவரை இல்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பு, டி. கே. பாசு வழக்கில், அரசமைப்பிலோ தண்டனைச் சட்டங்களிலோ சித்திரவதைக்கு வரையறை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டி, கைதுக்கான நெறிமுறைகளை வகுத்திருந்தது. 2010ஆம் ஆண்டு மே மாதத்தின் இரண்டு நாள்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில், தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான அமர்வு, ஒருவரின் இசைவின்றி மயக்க மருந்து ஏற்றியும் பொய்யறி கருவி பொருத்தியும் மூளை அலைகளைப் பதிந்தும் விசாரிப்பது அரசமைப்புக்கு முரணானது என்றது. எலும்பு முறியாமலும் தோல் கிழியாமலும் மனம் மீறப்படலாம் என்பதை நீதிமன்றம் ஏற்றது. மறுநாள், மே 6 அன்று, சித்திரவதைத் தடுப்பு மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. அதன் வரையறை ‘கொடுங்காயம்’ அல்லது உயிருக்கோ உறுப்புக்கோ நலத்துக்கோ ஆபத்து. கொடுங்காயம் என்பது 1860இன் 320ஆம் பிரிவின் எட்டு வகைகள்: கண் இழப்பு, செவி இழப்பு, எலும்பு அல்லது பல் முறிவு, இருபது நாள் கடும் உடல்வலி என்று நீளும் பட்டியல். பத்தொன்பது நாள் வலி அந்தப் பட்டியலுக்கு வெளியே. புகாருக்கு ஆறு மாதக் காலவரம்பும் உண்டு. காவலிலேயே இருப்பவர் அந்த ஆறு மாதத்தை எங்கே கழிப்பார் என்று வரைந்தவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை. மாநிலங்களவை அதைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பியது, குழு பரந்த வரையறையைப் பரிந்துரைத்தது, மசோதா காலாவதியானது. 2017இல் சட்ட ஆணையம் தன் 273ஆம் அறிக்கையில் புதிய வரைவொன்றைத் தந்தது. அதுவும் சட்டமாகவில்லை.

பழைய சட்டங்களுக்குப் பதிலாக வந்த மூன்று சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவு பழைய 330, 331 பிரிவுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. கொடுங்காயத்துக்கான இருபது நாள் பதினைந்தாகக் குறைந்திருக்கிறது. பாரதிய சாட்சிய அதினியத்தின் 22ஆம் பிரிவில், ஒப்புதலைச் செல்லாததாக்கும் தூண்டுதல், அச்சுறுத்தல், வாக்குறுதி ஆகியவற்றோடு ‘வற்புறுத்தல்’ என்ற சொல் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அதற்கு வரையறை தரப்படவில்லை. 1961இன் பௌதிகச் செயலா, 1978இன் சூழல் அழுத்தமா என்பதை இனி வரும் வழக்குகள் சொல்ல வேண்டும். காவல் அலுவலர் ஒருவர் ஒப்புதல் பெறுவதற்காகச் சித்திரவதை செய்கிறார் என்ற உதாரணம் 120ஆம் பிரிவின் கீழும் 1860இல் இருந்தபடியே இருக்கிறது.